எண்பதுக்குக் கீழே இறங்கி நின்ற கதை

என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்ல. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் சீசன் முடிகிற நேரம். பேரருவிக்கு முன்னால் கல்லில் மல்லாந்து கிடந்தேன். முதுகு, தோள் எல்லாம் முடித்துவிட்டு வயிற்றுக்கு வந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"அய்யா, கொஞ்சம் எந்திங்க."

"என்னப்பா?"

"தொப்புள்கிட்ட என்னமோ உருளுது. நான் இதுல கை வைக்க மாட்டேன். டாக்டர்ட்ட காட்டுங்க."

தடவிப் பார்த்தேன். ஒரு நெல்லிக்காய் அளவு. அழுத்தினால் உள்ளே போயிற்று. எழுந்து நின்றால் மறுபடி வந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் நான் இரண்டு வாரம் அதைக் கிடப்பில் போட்டேன். தாலுகா அலுவலகத்தில் சிரஸ்தாராக ஓய்வு பெற்றவனுக்குக் கிடப்பில் போடுவது கைவந்த கலை.

மனைவி கோமதி கிடப்பில் போடுகிற ரகம் அல்ல. பாளையங்கோட்டையில் ஓர் அறுவை மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அவர் என்னை இருமச் சொன்னார், படுக்கச் சொன்னார், மறுபடி இருமச் சொன்னார். ஹெர்னியா என்றார் (குடலிறக்கம், வயிற்றுத் தசைச் சுவரில் பலவீனமான இடம் விலகி, உள்ளே இருக்க வேண்டியது வெளியே எட்டிப் பார்ப்பது). விலகிய இடத்தைத் தைக்க வேண்டும். தைப்பது பெரிய வேலை இல்லை.

"எடை எவ்வளவு?"

"தொண்ணூற்று நாலு."

"எண்பதுக்குக் கீழ வாங்க. அப்புறம் தைக்கலாம்."

எந்த உத்தரவிலும் உட்பிரிவைக் கேட்டு வாங்கிக்கொள்வது என் வழக்கம். "எண்பதுக்கு வந்த மறுநாளே வரலாமா?" என்று கேட்டேன்.

"வரக் கூடாது. எண்பதுக்குக் கீழ மூணு மாசம் அசையாம நின்னு காட்டணும். பட்டினி கிடந்து இறங்கிட்டு, ஆபரேஷன் முடிஞ்சதும் பழையபடி ஏறினா தையல் தாங்காது. ரெண்டாவது தடவ தைக்கிறது ரொம்பச் சிரமம்."

"அதுக்குள்ள குடல் மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா எடை பாக்க நேரம் இருக்காது. உடனே அறுத்தாகணும். இந்த உடம்பு மயக்க மருந்தத் தாங்குமான்னு அப்ப என்னக் கேக்காதீங்க."

கோமதி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கான்வாஸ் துணியில் ஒரு வயிற்றுப் பட்டி எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறினேன். இறங்குவது எல்லாராலும் முடியும். நிற்பதுதான் அவர் கேட்டது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. இதைப் படிக்கிற உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதல் முறையை நானே வகுத்தேன். எடைக்குக் காரணம் சோறு. ஆகவே சோறு கூடாது. நம் வீடுகளில் சஷ்டி, கார்த்திகை, அமாவாசை என்றால் ஒருபொழுது இருப்போம். இரவில் சோறு தொட மாட்டோம், பலகாரம்தான். ஆறு இட்லியும், அதற்குமேல் இரண்டு தோசையும், கொஞ்சம் உப்புமாவும் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு விரதம்" என்று படுப்போம். கடவுள் இதை ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை. அந்த முன்மாதிரியை வைத்து மூன்று வேளையும் விரதம் என்று உத்தரவு போட்டேன். இரண்டு மாதம் ஒரு பருக்கை சோறு உள்ளே போகவில்லை. நெஞ்சு கொள்ளாத பெருமை.

எடை பார்க்க வீட்டில் கருவி கிடையாது. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மண்டி வைத்திருக்கும் வேலாயுதம் என் பள்ளிக்கூடத் தோழர். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு அவரிடம் இருந்தது. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அதில் ஏறி நின்றேன். சுமை தூக்குகிறவர்கள் நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"தொண்ணூத்தாறு. தொண்ணூத்து நாலுன்னுல்லா சொன்னீரு?" என்றார் வேலாயுதம்.

"சரியாப் பாரும். தராசுல மண்ணு கிண்ணு ஒட்டியிருக்கும்."

"தராசுல நீருதான்வே ஒட்டியிருக்கீரு."

சுமைக்காரர்களில் மூத்தவர் மாடசாமி. அவர் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "அய்யா, ரெண்டு மாசமா சோறே திங்கலன்னா சொல்லுதிய? திங்காமலே ரெண்டு கிலோ ஏறிருக்கே! அந்த வித்தைய எங்களுக்கும் சொல்லித் தாங்க. அரிசிச் செலவு மிச்சம்லா."

"நான் பலகாரம் சாப்பிடுதேன்ப்பா. இட்லி, தோசை."

வேலாயுதம் தராசுக் கல்லைக் கீழே வைத்தார். "ஏன்வே, உம்ம வீட்டுல மதினி இட்லிக்கு என்னத்தப் போட்டு ஆட்டுதா? தவிட்டையா?"

சந்தையே சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியிருந்தது. இட்லியில் இருப்பது அரிசி என்று முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்துக்குச் சேவை செய்த ஒருவனுக்கு மண்டியில் வைத்துச் சொல்லவேண்டியிருந்தது. பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடும் என்று நம்புவது அலுவலக வியாதி. சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்குப் போகிறவர்களுக்கும் இதுவே பதில். கோதுமையும் மாவுதான்.

இரண்டாவது முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் மருமகன் ஒரு புத்தகம் அனுப்பினார். அந்த ஊரில் லட்சக்கணக்கில் விற்கிறதாம். மாவுப்பொருளை (அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை) அடியோடு நிறுத்து, கொழுப்பையும் இறைச்சியையும் வயிறு நிறையத் தின்னு, உடம்பு தன் கொழுப்பைத் தானே எரிக்கும் என்பது சாரம். மாட்டையும் பன்றியையும் பக்கம் பக்கமாகச் சமைக்கச் சொல்லியிருந்தது. நாங்கள் சைவம். கத்தரிக்காயை நறுக்கும்போதே புழு இருக்குமோ என்று பதறுகிற குடும்பம். ஆகவே இறைச்சிக்குப் பதிலாகத் தேங்காய், நிலக்கடலை, தயிர், வெண்ணெய் என்று மாற்றினேன். அப்படியும் புரதம் போதவில்லை என்று பட்டதால் முட்டை என்ற சொல்லைக் கோமதியின் முன்னால் உச்சரித்தேன்.

அவள் கத்தவில்லை. யோசித்துத்தான் சொன்னாள். "உயிருக்கு மருந்துன்னா திங்கத்தான் வேணும். ஆனா தனி அடுப்பு, தனிச் சட்டி, தனி ஆளு. அந்த ஆளு நீங்கதான்."

புறவாசலில் மூன்று கல் வைத்து நானே அவித்தேன். தென்காசியில் வாங்கினால் தெருவுக்கே தெரியும் என்று ஆலங்குளம் போய் வாங்கி, கோப்புகள் வைக்கும் துணிப்பையில் கொண்டுவந்தேன். பையில் ஒருமுறை இரண்டு உடைந்ததைத் தவிர நடைமுறையில் குறையில்லை.

எடை இறங்கியது. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: மளமளவென்று இறங்கியது. ஆறு வாரத்தில் எண்பத்தாறு. மாடசாமி என்னைச் சுற்றி வந்து பார்த்தார். என் வாயில் அழுகிய பழ வாடை அடித்தது. அது கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள், மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறும்). புத்தகம் அதை வெற்றியின் மணம் என்றது. கோமதி படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

புத்தகம் ஒரு விஷயத்தை மட்டும் மேலோட்டமாகத் தாண்டியிருந்தது. மலச்சிக்கல். நான் கீரையையும் காயையும் சேர்த்திருக்க வேண்டும். எடை இறங்குகிற வேகத்தில் மயங்கி, காயிலும் கொஞ்சம் மாவு இருக்கிறதே என்று அதையும் வெட்டிவிட்டேன்.

பங்குனியில் ஒரு காலை. நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. முக்கினேன். தொப்புளில் ஏதோ பிடுங்கியது போலிருந்தது. பட்டியை அவிழ்த்துப் பார்த்தால் நெல்லிக்காய் இருந்த இடத்தில் எலுமிச்சங்காய். கல் போல் இருந்தது. அழுத்தினால் உள்ளே போகவில்லை. குமட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே கோமதி செருப்புப் போடாமல் தெருவுக்கு ஓடி வாடகைக் காரை நிறுத்தினாள்.

டாக்டர் லீலாம்மா மலையாளத்துக்காரர். செங்கோட்டையில் வளர்ந்து தென்காசியில் மருத்துவமனை வைத்திருந்தார். என்னைத் தலை தாழ்த்திப் படுக்க வைத்து, காலுக்கடியில் தலையணைகளை அடுக்கி, ஓர் ஊசி போட்டு, குளிர்ந்த துணியை வயிற்றில் வைத்தார். "அனங்காம, அசையாம கிடங்க சாரே. அரைமணிக்கூர் பார்ப்போம். உள்ளே போகலேன்னா ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. பாளையங்கோட்டைதான்."

அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்பதை அன்றைக்குத்தான் அளந்தேன். மயக்க மருந்தைத் தாங்குமா என்று என்னைக் கேட்காதீர்கள் என்றவரின் குரல் மின்விசிறிச் சத்தத்துக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. கோமதி என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெறுங்காலோடு நின்றாள்.

பிறகு டாக்டரின் விரல்கள் மெதுவாக, மிக மெதுவாக அழுத்தின. ஏதோ வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வலி நின்றது. (இதை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் குடல் கெட்டிருந்தால் உயிர் போகும். ஓடுங்கள் மருத்துவரிடம்.)

"எத்தர நாளா வயிறு போகல?"

"நாலு நாளா. ஒரு அமெரிக்கப் புத்தகத்தப் பாத்துச் சாப்பிடுதேன்."

"புத்தகத்துல அதுக்கு என்ன எழுதியிருக்கு?"

"தண்ணி குடிக்கணும்னு."

"எழுதின ஆளுக்கு ஹெர்னியா உண்டோ?"

தெரியாது என்றேன். வீடு திரும்பியதும் கோமதி அந்தப் புத்தகத்தைத் தயிர்ச் சட்டிக்கு மூடியாக்கினாள். கெட்டி அட்டை. அளவும் பொருந்தியது. டாக்டர் முதலில் ஒரு வாரம் இளகிய சோறும் மோரும் கொடுக்கச் சொன்னார். ஆறு வாரம் காணாத சோறு. ஒரு வாரம் என்பதை நானே ஒரு மாதத்துக்கு நீட்டித்துக்கொண்டேன். தொண்ணூற்றொன்றில் வந்து நின்றேன்.

மூன்றாவது முறையைத் தேர்ந்தெடுத்த நாள் நினைவிருக்கிறது. டாக்டரின் மேசைமேல் லண்டனிலிருந்து வந்த ஒரு சிறு கையேடு. அங்கே மாவுப்பொருளை அடியோடு தடை செய்வதில்லை. ஒவ்வொரு உணவிலும் எவ்வளவு மாவு என்று அட்டவணை போட்டு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கிறார்கள். அட்டவணையில் உருளைக்கிழங்கு பதினோரு விதமாக இருந்தது. இட்லி இல்லை.

நான் மேலதிகாரிக்கு வைப்பதுபோல் குறிப்பு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அடியோடு நிறுத்தும் முறையின் சாதகம் வேகம். பாதகம், ஒரு நாள் ஒரு தோசை சாப்பிட்டாலும் முறை முழுவதும் கவிழ்ந்துவிடுகிறது. கவிழ்ந்தபின் வெறியோடு தின்கிறோம். வரம்பு வைக்கும் முறை மெதுவானது. ஆனால் அதில் தவறு செய்ய இடம் இருக்கிறது. முடிவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.

டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு ஒரு சோத்தியம்தான் சாரே, ஒரே கேள்வி. எந்தச் சாப்பாட்டை நீங்க எழுபது வயசுலயும் சாப்பிடுவீங்க? அதைத் தொடங்குங்க. இன்னைக்குத் தொடங்கி ஆறு மாசத்துல நிறுத்தப் போறதுன்னா, வேண்டாம்."

இதைவிடச் சுருக்கமான ஆணையை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. உணவு முறைகளுக்கு நடுவே தடுமாறுகிறவர்கள் இதை எழுதிச் சுவரில் ஒட்டலாம்.

நாள் முழுவதும் மாவுப்பொருள் ஐந்து பங்கு என்று வைத்தோம். இரண்டு இட்லி ஒரு பங்கு. எங்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டியில் ஒரு கரண்டி சோறு ஒரு பங்கு. காய், கீரை, மோர், சுண்டல் போதுமான அளவு. முட்டை வேண்டுமானால் ஒன்று. வேண்டாம் என்றேன். புறவாசல் அடுப்பைக் கோமதி தண்ணீர் விட்டு அணைத்து, கல்லையும் தூக்கிப் போட்டாள்.

கரண்டிக்கணக்கு எங்கள் வீட்டில் முதல் வாரமே தோற்றது. காரணம், பரிமாறும் முறை. இலை போட்டதும் சோறு மலைபோல் விழும். மற்றதெல்லாம் அதைச் சுற்றி. இரண்டு கரண்டிச் சோறு நடுவில் அநாதையாக இருப்பதைப் பார்க்கக் கோமதிக்குக் கை ஓடவில்லை. அவளை அறியாமல் மூன்றாவது கரண்டி விழுந்துவிடும். மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் அவளே முறையைத் திருப்பிப் போட்டாள். முதலில் அவியலும் கூட்டும் கீரையும் மட்டும், இலை நிறைய. பக்கத்தில் ஒரு டம்ளர் ரசம். அதையெல்லாம் தின்று முடித்தபின் சோற்றுச் சட்டி வரும்.

"சோறு இல்லாம அவியல எப்படிட்டீ திங்க?"

"கையாலதான். எத்தன கரண்டி வேணும்னு இப்ப சொல்லுங்க."

அவியலுக்கப்புறம் எனக்கு ஒன்றரைக் கரண்டிதான் வேண்டியிருந்தது. லண்டன் கையேட்டிலும் அமெரிக்கப் புத்தகத்திலும் இல்லாத இந்த ஒரு பத்திதான் என்னை இறக்கியது. மாதம் ஒரு கிலோ. சில மாதம் ஒன்றும் இறங்காது, அடுத்த மாதம் இரண்டு. மண்டியில் மாடசாமிக்கு என்னிடம் சுவாரசியம் போய்விட்டது. அடுத்த வருஷம் வைகாசியில் எழுபத்தொன்பது.

இனி மூன்று மாதம் நிற்க வேண்டும். அது ஆனி, ஆடி, ஆவணியாக அமைந்தது.

தென்காசிக்காரர்களுக்கு இதன் பொருள் தெரியும். சாரல் விழுந்துவிட்டால் சொந்தக்காரர்கள் வருவார்கள். யாரும் நம்மைப் பார்க்க வருவதில்லை, அருவிக்கு வருகிறார்கள். ஆனால் சாப்பாடு நம் வீட்டில். அருவியில் குளித்துவிட்டு வருகிறவன் பசி சாதாரணப் பசி அல்ல. பதினாறு பேருக்குச் சமைத்தால் எட்டுப் பேருக்குப் போதாது. அந்தப் பந்தியில் நானும் உட்கார வேண்டும்.

கோமதியின் தம்பி சிவசு மெட்ராஸிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். என் இலையில் வெறும் காய்கறிகளைப் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினான். "என்ன அத்தான், ஆட்டுக்கு வச்ச மாதிரில்லா வச்சிருக்கு! எக்கா, இந்த மனுசன் என்ன தப்பு பண்ணினாரு?"

"இருக்கட்டும்டே," என்றேன்.

"இருக்கட்டுமாவது! விருந்தாடி நாங்க திங்கோம், வீட்டுக்காரரு பாத்துக்கிட்டு இருக்காரு. எனக்குச் சோறு எறங்குமா? எக்கா, போடு சோத்த. ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது."

சட்டியைத் தானே எடுக்க எழுந்தான். நம் ஊரில் அன்பு கரண்டியில் வரும். தட்டினால் பகை. நான் கையை இலைக்கு மேலே நீட்டி மறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கோமதி சட்டியை அவனிடமிருந்து வாங்கினாள்.

"ஏலே சிவசு, போன வருசம் பங்குனியில இவுக டாக்டர் வீட்டு மேசையில தலகீழாக் கிடந்தாக. அப்ப நீ வந்து போட்டியா? உன் எலைய நீ பாரு. அவுக எலைய நான் பாத்துக்கிடுதேன்."

சிவசு உட்கார்ந்தான். தன் இலையில் இருந்த அவியலை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "அவியல் நல்லாத்தான் இருக்கு. எனக்கும் அப்படியே வைக்கா," என்றான். மறுநாளிலிருந்து பழையபடி மலை விழுந்தது. அது அவன் விஷயம்.

நான் வழுக்கவே இல்லை என்று எழுதினால் பொய். ஆடியில் ஐந்தருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தவன், சுடச்சுட ஆறு வாழைக்காய் பஜ்ஜி தின்றேன். ஏழாவதைக் குரங்கு பறித்துக்கொண்டது. மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். இது தற்செயல் விடுப்பு. விடுப்பு முடிந்தால் வேலைக்குத் திரும்ப வேண்டும். விடுப்பு எடுத்ததற்காக யாரும் வேலையை விட்டு நின்றுவிடுவதில்லை. அமெரிக்க முறையில் இருந்தபோது எனக்கு இந்தச் சலுகை தெரியவில்லை. ஆவணிக் கடைசியில் வேலாயுதம் தராசில் எழுபத்தொன்பதரை. ஏறிய அரைக் கிலோவை அறுவை மருத்துவர் மன்னித்தார்.

புரட்டாசியில் தைத்தார்கள். எட்டாம் நாள் தோல்மேல் இருந்த தையலைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு நாலு வருஷம் ஆகிறது. உள்தையல் நிற்கிறது. நானும் நிற்கிறேன், எழுபத்தெட்டுக்கும் எண்பதுக்கும் நடுவே. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் என் வழியில் இறங்காதீர்கள். மாவைக் குறைத்தால் மருந்தையும் குறைக்க வேண்டியிருக்கும், இல்லையேல் மயங்கி விழுவீர்கள். மற்றவர்களுக்கு என் குறிப்பில் திருத்தம் இல்லை.

உடம்பு மெலிந்தால் இளமை திரும்பும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் திரும்பவில்லை. வேட்டி ஒரு சுற்று அதிகம் வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் எலும்பு தெரிகிறது. பசியைப் பற்றி மட்டும் ஒன்று தெரிந்துகொண்டேன். அது மனுவோடு வந்து நிற்கும் ஆள் மாதிரி. உடனே கூப்பிடாவிட்டால் கூரை இடியாது. பாதிப் பேர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தாங்களே போய்விடுகிறார்கள். போகாமல் நிற்பவர்தான் உண்மையில் காரியத்துக்கு வந்தவர்.

நாற்பது வருஷமாக என் நாள் எட்டு மணி, ஒரு மணி, நாலு மணி, எட்டு மணி என்று நாலு இடத்தில் முளை அடித்துக் கட்டியிருந்தது. மணி அடித்தால் வயிறு ஆஜர். இப்போது மதியம் நெருங்கும்போது கோமதி சமையலறை வாசலில் வந்து நின்று, "பசிக்கா?" என்று கேட்கிறாள்.

முன்பெல்லாம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், முடிக்கும் முன் பதில் சொல்லியிருப்பேன். இப்போது செய்தித்தாளை மடக்கி வைத்துவிட்டு யோசிக்கிறேன். அவளும் அவசரப்படுவதில்லை, வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு காத்திருக்கிறாள். ஒரு நிமிஷம் ஆகிறது. சில நாள் இரண்டு. பிறகுதான் எனக்கே தெரிகிறது.